பனியில்லா ஊரில் மின்காருக்கு எந்த டயர், எந்த ரிம்?

மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ். 1978 பிப்ரவரி 1ஆம் தேதி, கேமரன் மலையில். குளிர்கால டயருக்கு மாற வேண்டிய எல்லை என்று டயர் தயாரிப்பாளர்கள் சொல்வது 7 டிகிரி. நாட்டிலேயே மிகக் குளிர்ந்த அந்த இரவில், அந்த மலை மேலேயே கார் ஓட்டியிருந்தாலும் அந்த டயருக்கு வேலை வந்திருக்காது.

ஆனால் போன வருடம் கோலாலம்பூரில், கெப்போங் பக்கம் ஒரு கடையில், என் மின்காருக்கு டயர் கேட்டபோது, எனக்குக் குளிர்கால டயரைத்தான் எடுத்துக் காட்டினார்கள். "அக்கா, ஜப்பான் சரக்கு. பூ நிறைய இருக்கு, பாதி விலைக்குத் தரேன்." டயர்ப் பள்ளத்தை மலாயில் 'பூங்ஙா' என்பார்கள், பூ என்று அர்த்தம். அந்தக் கடைத் தம்பியும் அப்படியே தமிழில் பூ என்றார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பள்ளம் ஆழம், ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கியது. பக்கவாட்டுத் தூசியைத் துடைத்துப் பார்த்தேன். மூன்று சிகரம் உள்ள ஒரு மலை, அதற்குள் ஒரு பனிப்பூ. கடும்பனிச் சாலைக்கான டயர் என்று சான்று பெற்றதற்கு அதுதான் அடையாளம். தம்பி என்னை ஏமாற்றப் பார்க்கவில்லை, அந்தக் குறி எதற்கென்று அவருக்கே தெரியாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று இரவே உட்கார்ந்து, என் காருக்கு எது சரி என்று முறையாகப் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் குளிர்கால டயரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் முடிவுக்கும் அதில் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது.

என் சித்தி மகன் ஒஸ்லோவில் இருக்கிறான். நார்வேயில் 2024இல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது மின்கார். அவனிடமும் என்னிடம் உள்ள அதே கார்தான், டெஸ்லா மாடல் 3, பின்சக்கர இயக்கம். வருடத்துக்கு இரண்டு தடவை சக்கரம் மாற்றுவது அவனுக்குப் பண்டிகைக்கு வீடு கழுவுகிற மாதிரி ஒரு வழக்கம். இரண்டு செட் ரிம், இரண்டு செட் டயர். ஒரு செட் காரில் ஓடும், இன்னொரு செட் கடையில் வாடகைக்கு இருக்கும். அந்தச் சேவைக்கு அங்கே டயர் ஹோட்டல் என்றே பெயர்.

அவர்களுக்கு அது அவசியம். கோடை டயரின் ரப்பர் குளிரில் விறைத்துப் பலகைபோல ஆகிவிடும், சாலையைப் பிடிக்காது. குளிர்கால டயரின் கலவையே வேறு. உறையும் குளிரிலும் இளகியே இருக்கும். மேற்பரப்பு முழுக்க மயிரிழை போன்ற கீறல்கள் பனியைக் கவ்வுவதற்காக இருக்கும். அதே டயரை மதிய வெயிலில் 50 டிகிரிக்கு மேல் கொதிக்கும் நம் தார்ச்சாலையில் ஓட்டினால், அந்த இளகிய ரப்பர் ஒவ்வொரு பிரேக்கிலும் வளைவிலும் நெளியும். பிரேக் தூரம் கூடும், டயர் வேகமாகத் தேயும். என் கார் ஆளில்லாமலே 1,700 கிலோவைத் தாண்டும். மிதியைத் தொட்டதும் முழு விசையும் சக்கரத்துக்கு வந்துவிடும். இப்படிப்பட்ட வண்டிக்கு மலிவான பனி டயர் ஆபத்து. பாதி விலை என்ன, இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஆனால் அவன் சொன்ன இரண்டு விஷயங்கள் மனதில் நின்றுவிட்டன. ஒன்று, நார்வேயில் குளிர்காலத்தில் டயர்ப் பள்ளம் 3 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, அது சட்டம். நம் நாட்டில் 1.6 மில்லிமீட்டர். இரண்டு, குளிர்காலத்துக்கு அவன் ஓர் அங்குலம் சிறிய ரிம் போடுகிறான். "பனிக்குக் கீழே பள்ளம் இருந்தா தெரியாதுக்கா. டயர் பக்கம் தடிமனா இருந்தா ரிம் தப்பிச்சிரும். வண்டியும் கூடுதல் தூரம் ஓடும்," என்றான்.

எனக்கு உடனே கோலாலம்பூரைச் சுற்றிப் போகும் எம்ஆர்ஆர்2 சாலைதான் ஞாபகம் வந்தது. பனிக்குப் பதில் நமக்குத் தண்ணீர். பள்ளம் அங்கேயும் தெரியாது, இங்கேயும் தெரியாது.

நமக்கும் பருவம் உண்டு. கோலாலம்பூரில் ஆண்டுக்குச் சுமார் 2,600 மில்லிமீட்டர் மழை. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மதியம் வரை வெயில் கொளுத்திவிட்டு, நான்கு மணிக்கு மேல் வானம் உடைந்து கொட்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போவது சரியாக அந்த மழைக்குள்தான். எங்களுக்கு அம்மா வீடு பட்டர்வொர்த்தில். கெப்போங்கிலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீட்டர். வழியில் தைப்பிங்கைக் கடக்க வேண்டும், தீபகற்பத்திலேயே அதிக மழை பெய்யும் ஊர் அது, ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர்.

என் பழைய டயர் என்னைக் கைவிட்டதும் அங்கேதான். சங்காட் ஜெரிங் தாண்டி, மாலை ஆறு மணி இருக்கும். மழை கொஞ்சம் விட்டிருந்ததால் வேகம் 100ஐ ஒட்டி இருந்தது. சாலை லேசாகச் சரிந்த இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. ஸ்டீயரிங் திடீரென்று எடையே இல்லாமல் ஆனது. கையில் பிடித்திருப்பது எதனோடும் இணைக்கப்படாத ஒரு வளையம் மாதிரி. ஒரு விநாடி இருக்குமா, தெரியவில்லை. அப்புறம் டயர் மறுபடி தாரைப் பிடித்தது, கார் ஒரு குலுக்கு குலுக்கி நேரானது. பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மகள் எழவில்லை. நான் அடுத்த ஓய்விடம் வரை 70இல் போனேன்.

மறுநாள் காலை அம்மா வீட்டு வாசலில் குந்தி உட்கார்ந்து அளந்தேன். ஆழமானி ஐந்தாறு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) கிடைக்கும் சின்னச் சாமான், பள்ளத்துக்குள் ஊசியை இறக்கினால் மில்லிமீட்டரில் காட்டும். முன்டயர் இரண்டும் 3.4. பின்டயர் நடுவில் 2.6. கையை உள்ளே விட்டுப் பின்டயரின் உள் ஓரத்தைத் தடவிப் பார்த்தால், அங்கே பள்ளமே இல்லை, வழவழவென்று இருந்தது. வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் அது நல்ல டயர். சட்டம் கேட்கும் 1.6க்கு நடுப்பள்ளம் இன்னும் மேலேதான் இருந்தது. ஓடியது 36,000 கிலோமீட்டர்.

மின்காரில் இப்படித் தேய்வது சகஜம். மோட்டார் இயக்கும் சக்கரம் ஓடும்போதும் உழைக்கிறது, கால் எடுத்தால் மின்சாரத்தைத் திரும்பப் பெறும்போதும் அதுவேதான் பிரேக்காக உழைக்கிறது. பின்சக்கர இயக்கமுள்ள காரில் இரண்டு சுமையும் பின்டயர் மேல்தான். அதனால் முன்னும் பின்னும் மாற்றிப் போடுவதை ஒவ்வொரு 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கும் செய்ய வேண்டும். நான் ஒரே ஒரு தடவைதான் செய்திருந்தேன்.

சரி, இப்போது என் முன்னால் இருந்த வழிகளுக்கு வருகிறேன். என் கார் 19 அங்குல ரிம்மோடு வந்தது, அளவு 235/40 ஆர்19: அகலம் 235 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதில் 40 விழுக்காடு, ரிம் 19 அங்குலம்.

இரண்டு செட் வைத்துக்கொள்வது என்று ஒரு யோசனையைத் தம்பி ஒருவர் சொன்னார். ஊருக்குள் அழகான பெரிய ரிம், ஊருக்குப் போகும்போது சிறியது. இங்கே அதற்கு ஒரு காரணமும் இல்லை. நம் மழைக்கு மாதக் கணக்கு கிடையாது, ஜூலையிலும் கொட்டும். இரண்டு செட்டை அடுக்குமாடி வீட்டில் எங்கே அடுக்குவது? சும்மா கிடக்கிற டயரும் நம் வெக்கையில் வயதாகிக்கொண்டேதான் இருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டேன்.

மலிவு டயரும் பழைய டயரும் ஒரு வழி. புதிய மலிவு டயர் என்றால் ஒன்று 350 வெள்ளிக்கும் சொன்னார்கள். எல்லா மலிவு டயரும் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஈரப்பிடிப்பு எவ்வளவு என்று கேட்டால் காட்ட ஒரு தாள் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் ஒவ்வொரு டயருக்கும் ஓர் ஒட்டி உண்டு. 2021 மே முதல் அதில் ஏ முதல் ஈ வரை ஐந்து வகுப்பு. ஒன்று உருளும்போது எவ்வளவு சக்தி வீணாகிறது என்பதற்கு, இன்னொன்று ஈரச்சாலையில் பிரேக் பிடிப்பதற்கு. இரைச்சலுக்குத் தனியாக டெசிபல் எண். அதே டயர் நம் ஊரில் விற்றாலும், அளவும் பெயரும் பொருந்தினால் அந்த ஒட்டியை இணையத்தில் தேடிப் பார்த்துவிடலாம். ஈரப்பிடிப்பில் ஒரு வகுப்புக்கும் அடுத்ததற்கும் 80 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்தும் தூரம் 3 முதல் 6 மீட்டர் வரை மாறும். ஒரு கார் நீளம். முன்னால் நிற்கிற லோரியின் பின்பக்கத்துக்கும் நமக்கும் இடையில் அந்த ஒரு கார் நீளம்தான் எல்லாமே. எனக்குக் காட்டிய மலிவு டயர்களில் ஒன்றுக்கும் அப்படி ஒரு மதிப்பீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை, அதனால் விட்டேன்.

பழைய டயர் வாங்குவதாக இருந்தால் பக்கவாட்டில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். பூ எவ்வளவு இருந்தாலும் ஆறேழு வயதான ரப்பர் மழையில் உதவாது.

அடுத்தது, அதே 19 அங்குலத்தில் மின்காருக்கென்றே செய்த டயர். மிஷலின் 2021இல் பைலட் ஸ்போர்ட் ஈவி என்று ஒன்று கொண்டுவந்தது, ஹான்கூக் 2022இல் ஐயான் என்று ஒரு வரிசையே தொடங்கியது. மற்றவர்களிடமும் உண்டு. பக்கவாட்டில் ஈவி என்று எழுதியிருப்பதால் மட்டும் என்ன வித்தியாசம் என்று நானும் கேட்டேன். மூன்று விஷயம் இருக்கிறது. எடையைத் தாங்க உடல் வலுவாக இருக்கும்; தேய்மானத்தைத் தாங்கக் கலவை மாறியிருக்கும்; உருளும் எதிர்ப்பைக் குறைத்திருப்பார்கள். பலவற்றில் உள்ளே ஒரு நுரைப்பட்டை ஒட்டியிருக்கும். மின்காரில் எஞ்சின் சத்தம் இல்லாததால் டயருக்குள் அடைபட்ட காற்று அதிரும் 'ம்ம்' என்ற முனகல் காதில் விழும். நுரை அதை விழுங்கிவிடும்.

விலை ஒரு டயருக்கு 980 வெள்ளி சொன்னார்கள், நான்கு போட்டால் 3,920. விலையைவிட என்னை யோசிக்க வைத்தது பஞ்சர். என் காரில் மாற்றுச் சக்கரம் கிடையாது, பெரும்பாலான மின்கார்களில் கிடையாது. நுரை ஒட்டிய டயரில் ஆணி ஏறினால் அந்த இடத்து நுரையை வெட்டி எடுத்து, ரப்பரைச் சுத்தம் செய்து, உள்ளிருந்து ஒட்டுப் போட வேண்டும். முடியாத வேலை இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலை பீடோரிலோ சிலிமிலோ உள்ள சின்னக் கடையில் அதைச் செய்ய மாட்டேன் என்று சொல்வார்கள். வெளியிலிருந்து குச்சி ஒட்டுப் போட்டு அனுப்புவார்கள், அவ்வளவுதான். கோலாலம்பூரை விட்டு வெளியே போகாதவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அவர்களுக்கு நுரை டயர் நல்ல தேர்வு. அமைதி உண்மையிலேயே தெரிகிறது, நண்பர் ஒருவரின் காரில் உட்கார்ந்து பார்த்தேன்.

அதே 19இல் சாதாரண நல்ல டயர் போட்டால் என்ன? தாராளமாகப் போடலாம். மின்காருக்கு ஈவி என்று எழுதிய டயர்தான் போட வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. விட்டுக்கொடுக்கக் கூடாதது சுமை எண் ஒன்றுதான். அளவுக்குப் பக்கத்தில் 96 அல்லது 98 என்று ஓர் எண் இருக்கும். 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும், 96 என்றால் 710, 98 என்றால் 750. காரோடு வந்த டயரின் எண்ணுக்குக் குறையக் கூடாது. ஒரே அளவில் சாதாரண வகையும், எக்ஸ்எல் என்று எழுதிய வலுவான வகையும் இருக்கும். கடையில் கையில் இருப்பதை மாட்டிவிடப் பார்ப்பார்கள், நீங்கள்தான் குனிந்து படிக்க வேண்டும்.

சாதாரண டயரில் ஓடும் தூரம் கொஞ்சம் குறையும். எந்தப் புதிய டயர் போட்டாலும் முதல் சில ஆயிரம் கிலோமீட்டருக்குக் குறையத்தான் செய்யும். தேய்ந்த டயர் புதியதைவிட எளிதாக உருளும், அதனால் பழையதோடு ஒப்பிட்டால் புதியது மின்சாரம் குடிக்கிற மாதிரி தோன்றும். டயர் மாற்றிய வாரமே கணக்குப் பார்த்துக் கவலைப்படாதீர்கள்.

கடைசி வழி 18 அங்குலத்துக்கு இறங்குவது. அளவு 235/45 ஆர்18. இந்த அளவிலும் என் கார் தொழிற்சாலையிலிருந்து வருகிறது என்பது பெரிய நிம்மதி. நாமாக ஒரு கணக்குப் போட்டு மாற்றினால் சக்கரத்தின் மொத்த விட்டம் சரியா, வேகமானி சரியாகக் காட்டுமா, பிரேக் உறை இடிக்குமா என்று பல கேள்வி. இங்கே கணக்கு நேராக வருகிறது: 19இல் விட்டம் 670.6 மில்லிமீட்டர், 18இல் 668.7. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லலாம். ஆனால் டயரின் பக்கவாட்டு உயரம் 94இலிருந்து 106 மில்லிமீட்டருக்கு ஏறுகிறது. 12 மில்லிமீட்டர், ஒரு விரல் அகலம்கூட இல்லை. பள்ளத்தில் இறங்கும்போது ரிம்முக்கும் தாருக்கும் நடுவில் இருக்கும் மெத்தை அந்த அளவு தடிமனாகிறது.

தூரமும் கூடுகிறது. இந்தக் காரின் பின்சக்கர இயக்க வகைக்கு டபிள்யூஎல்டிபி என்ற ஆய்வகச் சோதனை அளவீட்டில், ஒரு முழு சார்ஜுக்கு, 19 அங்குலத்தில் 513 கிலோமீட்டர், 18 அங்குலத்தில் 554. அதே மின்கலன், அதே மோட்டார். 41 கிலோமீட்டர் வித்தியாசம் சக்கரத்தால் மட்டும். பெரிய ரிம் கனமானது, காற்றையும் அதிகம் கலைக்கும். 18 அங்குல ரிம்மின் மேல் வரும் பிளாஸ்டிக் மூடி அழகில்லை என்று பலர் கழற்றிவிடுகிறார்கள். காற்று வழுக்கிப் போவதற்காகத்தான் அது இருக்கிறது, தயவுசெய்து கழற்றாதீர்கள்.

இதை மின்கட்டணம் மிச்சமாகும் என்று நினைத்துச் செய்ய வேண்டாம். நான் வருடத்துக்கு 20,000 கிலோமீட்டர் ஓடுகிறேன். நூறு கிலோமீட்டருக்கு 16 யூனிட் என்றால் 3,200 யூனிட். அதில் 7 விழுக்காடு மிச்சமானால் 224 யூனிட். யூனிட் 50 சென் என்று வைத்தாலும் வருடத்துக்கு 112 வெள்ளி. டயர் ஒன்றின் விலையில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. எனக்குப் பயன் வேறு இடத்தில். நெடுஞ்சாலையில் 110இல் போனால் எந்தக் காரும் தாளில் எழுதிய தூரம் ஓடாது. மழை, குளிரூட்டி, நான்கு பேர், பின்னால் அம்மாவுக்கு வாங்கிய சாமான் எல்லாம் சேர்ந்து அதைக் குறைக்கும். முன்பெல்லாம் பட்டர்வொர்த் போய்ச் சேர மனதுக்குள் எப்போதும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். தாப்பாவில் சார்ஜ் போட இடம் கிடைக்குமா, பண்டிகைக் கூட்டத்தில் எத்தனை பேருக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று. அந்த 41இல் நிஜமாகக் கிடைக்கும் இருபது முப்பது கிலோமீட்டர் மிச்சம் இந்தக் கணக்கை எளிதாக்கிவிட்டது.

பணக்கணக்கு இப்படி வந்தது. 18 அங்குல டயர் ஈரப்பிடிப்பில் ஏ வகுப்பு, சுமை எண் 98, எக்ஸ்எல், நுரை இல்லாதது, ஒன்று 720 வெள்ளி. நான்குக்கு 2,880. தொழிற்சாலை ரிம் ஒரு செட், பெரிய ரிம் போடுவதற்காக ஒருவர் கழற்றி வைத்திருந்தது, 2,200 வெள்ளிக்குக் கிடைத்தது. என் 19 அங்குல ரிம்மை 2,400க்கு விற்றேன். ஆக 2,680 வெள்ளியில் வேலை முடிந்தது. ரிம் வாங்கும்போது ஒவ்வொன்றையும் தரையில் உருட்டிப் பாருங்கள். உள்விளிம்பில் கையை ஓடவிட்டால் நெளிவு தெரியும். காற்றழுத்த உணரி உள்ளே இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் தனியாக வாங்கிப் போட வேண்டும்.

உருளும் எதிர்ப்பில் என் டயர் ஏ இல்லை, பி. இரண்டிலும் ஏ வாங்கும் டயர்கள் இருக்கின்றன, விலை ஏறும். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் தயங்காமல் ஈரப்பிடிப்பை எடுங்கள். வறண்ட சாலையில் நல்ல டயருக்கும் சுமார் டயருக்கும் வித்தியாசம் நமக்கு அன்றாடம் தெரியாது. மழையில் ஒரே ஒரு தடவை தெரியும், அந்த ஒரு தடவைக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

மாட்டுகிற அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இன்னொருவர் காருக்கும் நடக்கும். கடை ஆள் ஒருவர் ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வந்து, பெட்ரோல் காருக்கு வைப்பதுபோல் கதவுக்குக் கீழே உத்தேசமாக ஓர் இடத்தில் வைத்துத் தூக்கப் போனார். அந்த இடத்தில் இருப்பது மின்கலனின் ஓரம். "தம்பி, நிறுத்துங்க" என்று கையை நீட்டித் தடுத்தேன். காருக்கு அடியில் நான்கு மூலையிலும் ஜாக்கி வைக்க வட்டமான இடம் இருக்கிறது. அதில் பொருத்த ரப்பர்க் கட்டை சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும், நான் பையில் கொண்டுபோயிருந்தேன். எடுத்துக் கொடுத்ததும் அவர் முகம் சுளிக்காமல் வாங்கிப் பொருத்தினார். நட்டு முறுக்கும்போதும் துப்பாக்கியால் முழுக்க இறுக்க விடாமல், கடைசிச் சுற்றைக் கைக்கருவியால் 175 நியூட்டன் மீட்டருக்கு வைக்கச் சொன்னேன். காரோடு வரும் கையேட்டில் இந்த எண் இருக்கிறது. அலைன்மென்ட்டும் அன்றே பார்த்தேன். உள் ஓரம் தேய்ந்ததற்குக் காரணம் அங்கே தெரிந்தது, பின்சக்கரம் இரண்டின் கோணமும் விலகியிருந்தது. அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டிருந்தால் 2,880 வெள்ளியும் அதே மாதிரி உள்பக்கமாகக் கரைந்திருக்கும்.

காற்றழுத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விமானச் சக்கரங்களை வைத்து நாசா கண்ட ஒரு கணக்கு உண்டு: தேங்கிய தண்ணீரின் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம், காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அந்தக் கணக்குப்படி, பூ இல்லாத டயரில் 36 பிஎஸ்ஐ இருந்தால் ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் மிதக்கும், 30க்கு இறங்கினால் 91லேயே மிதக்கும். காரின் டயருக்கு இது அப்படியே பொருந்தாது, பள்ளம் தண்ணீரை வெளியே தள்ளுவதால் நல்ல டயர் இன்னும் தாங்கும். ஆனால் காற்றுக் குறைந்தால் மழையில் ஆபத்து சீக்கிரம் வரும் என்பது உறுதி. ஒஸ்லோவில் குளிர் வந்தால் காற்று இறங்கும் என்று பருவத்துக்குப் பருவம் பார்ப்பார்கள். நமக்கு அந்த நினைவூட்டல் இல்லை, அதனால் மறந்துவிடுகிறோம். நான் மாதத்தில் முதல் ஞாயிறு, காரை எடுக்குமுன், டயர் சூடாவதற்கு முன்பே பார்க்கிறேன். ஓடிவந்த டயரில் நான்கைந்து பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும்; அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது. எவ்வளவு வைக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவோர ஒட்டியில் இருக்கிறது.

மின்கார் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் இன்னொன்று. ஒற்றை மிதியில் ஓட்டிப் பழகியவர்கள் பயந்ததும் காலைச் சட்டென்று எடுப்பார்கள். எடுத்தவுடன் மோட்டார் இயக்கும் சக்கரம் இழுத்துப் பிடிக்கும். தண்ணீரில் மிதக்கிற நேரத்தில் பின்சக்கரம் மட்டும் பிடிப்பது நல்லதில்லை. காலை மெதுவாகத் தளர்த்துங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிப்பு மறுபடி வந்தபின் வேகத்தைக் குறையுங்கள்.

புது டயரில் இப்போது 14,000 கிலோமீட்டர் ஆகிறது. பின்டயரில் பள்ளம் 6.1, முன்னால் 6.4, உள் ஓரமும் வெளி ஓரமும் ஒன்றுபோல. இரண்டு தடவை தைப்பிங்கை மழையில் கடந்துவிட்டேன், ஸ்டீயரிங் கையை விட்டுப் போகவில்லை. நானும் 80ஐத் தாண்டவில்லை. எம்ஆர்ஆர்2இல் ஒரு பள்ளத்தில் 'டமார்' என்று இறங்கியபோது ரிம் வளைந்திருக்கும் என்றே நினைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. வளைவுகளில் 19 அங்குலத்தின் அந்த இறுக்கம் இல்லை, கார் ஒரு நொடி தாமதித்துத் திரும்புகிற மாதிரி இருக்கிறது. வேகமாக வளைத்து ஓட்டுவதை விரும்புகிறவர்களுக்கு இது பிடிக்காது.

3 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிடுவேன், 1.6 வரை காத்திருக்க மாட்டேன். புது டயரை அக்டோபர் மழைக்கு முன்பே வாங்கிவிடுமாறு கணக்குப் பண்ணுவது நல்லது. செப்டம்பரில் 3.5 இருந்தால்கூட நான் அப்போதே மாற்றிவிடுவேன், தீபாவளிப் பயணத்துக்கு அது போதாது.

உங்கள் காருக்கு இதே முடிவு பொருந்துமா என்று பார்க்க, முதலில் அந்த மாதிரிக்குத் தொழிற்சாலையே சிறிய ரிம் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். புரோட்டோன் இமாஸ் 7இல் ஒரு வகை 18 அங்குலத்திலும் இன்னொன்று 19 அங்குலத்திலும் வருகிறது. பிஒய்டி டால்ஃபினில் 16உம் 17உம் உண்டு. அப்படி இருந்தால் சிறியதையே வாங்குங்கள், அல்லது அடுத்த தடவை டயர் மாற்றும்போது இறங்குங்கள். வேகத்துக்கென்று பெரிய பிரேக் போட்டு வரும் வகைகளில் சிறிய ரிம் உள்ளே போகாமல் இடிக்கலாம். அந்தக் கார்களுக்கு அதே ரிம்மில் ஈரப்பிடிப்பு ஏ உள்ள டயரைப் போட்டு, ஆழமானி ஒன்றை வாங்கிக் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.